தாளிக்காத சோறு

ஆகஸ்ட் 5, திங்கள்

சென்னியப்பனின் எடை நாற்பத்தேழரை கிலோ. தகவல் தந்தவர் கதிர்வீச்சு அறையின் டெக்னீஷியன் ஷாஹிதா. நானும் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

நிருபர் வேலையில் பழகிய கைக்கு வேறு மாதிரி தொடங்க வரவில்லை. அலுவலகத்தில் மருத்துவ விடுப்பு. செய்தி அனுப்ப இடம் இல்லாததால் இந்த டைரி.

சென்னியப்பன் சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர். அவருக்குத் தொண்டையில், எனக்கு நாக்கில். கோவையில் ஒரே மருத்துவமனை, ஒரே இயந்திரம். அவர் முறை முடிந்ததும் என் முறை. இருவருக்கும் மாஸ்க் உண்டு. வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தின் மேல் அழுத்தி அச்சு எடுத்து வைத்திருக்கிறார்கள். தினமும் அதை மாட்டி, தலை அசையாதபடி மேசையோடு பூட்டுகிறார்கள். அது முகத்தோடு பொருந்தினால்தான் கதிர் சரியான இடத்தில் விழும். ஆள் இளைத்தால் மாஸ்க் தளரும். தளர்ந்தால் புது மாஸ்க், புது ஸ்கேன், புதுக் கணக்கு. ஒரு வாரம் சிகிச்சை நிற்கும்.

நாற்பத்தைந்துக்குக் கீழே போய்விடக் கூடாது என்று டாக்டர் இன்று சென்னியப்பனிடம் சொன்னார். நடுவில் நின்றால் இதுவரை கொடுத்ததன் பலனும் குறையும் என்றார். சென்னியப்பன் தலையாட்டினார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்த பிறகு என்னிடம் சொன்னார்:

“நிறுத்துனா நான் ஊருக்குப் போயிருவனுங்க சார். போனா திரும்பி வரமாட்டன். என்னையப் பத்தி எனக்குத் தெரியுமுங்க.”

அவர் மனைவி பாப்பாத்தி அதைக் கேட்காதவர் போல மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டிருந்தார்.

என் எடையும் பார்க்கப்பட்டது. சொல்லும்படி ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

சென்னியப்பன் தம்பதி தங்கியிருப்பது மருத்துவமனையின் இலவச விடுதியில். அங்கே அடுப்பு மூட்ட அனுமதி இல்லை. மிக்ஸி இல்லை. சத்துணவு ஆலோசகர் எழுதித் தந்ததில் பாதி, அரைத்துக் குடிக்க வேண்டியவை. காலையில் பால், பன். மதியத்துக்கு எதிர்ப்புறம் உள்ள அன்னதானக் கொட்டகைதான்.

இன்று கொட்டகைக்கு நானும் போனேன். யாரோ ஒரு மில் முதலாளியின் பேரனுக்குப் பிறந்தநாள். புளிச்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், வடை, பாயசம். வாசனை தெரு முழுக்க இருந்தது. ஒரு கவளம் வாயில் வைத்தேன்.

நாக்கில் கொப்புளம் வந்த பிறகு புளி என்பது சுவை அல்ல. மிளகாய் நெருப்பு என்று ஏற்கெனவே தெரியும். கடுகு எனக்குப் புதிய செய்தி. ஒவ்வொரு கடுகும் தனித்தனியாக எங்கே விழுந்தது என்று சொல்ல முடிந்தது. துப்பிவிட்டு, சாப்பிடுகிறவர்களைப் பார்த்தபடி நின்றேன். எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். எல்லோரும் துணைக்கு வந்தவர்கள். வரிசையில் நோயாளி ஒருவர்கூட இல்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

கொட்டகையை நடத்துகிற நாச்சிமுத்து ஐயாவைச் சந்தித்தேன். எழுபதைத் தாண்டியவர், பீளமேட்டில் மோட்டார் பம்பு உதிரிபாகக் கடை வைத்திருந்தவர். இதே மருத்துவமனையில் அவர் மனைவி கமலவேணி சிகிச்சை பெற்று, ஆறு வருடம் முன்பு இறந்தார். அதன் பிறகு இந்தக் கொட்டகை. பிறந்தநாள், கல்யாண நாள், திதி என்று மற்றவர்கள் நாள் பதிவு செய்வார்கள். என்ன சமைப்பது என்று முடிவு செய்வது இவர். கரண்டி பிடித்துப் பரிமாறுவதும் இவரே.

எனக்குப் பேச்சு குளறுகிறது. மெதுவாகச் சொன்னேன். காரம், புளி, தாளிப்பு எதுவும் இல்லாமல், குழைய வேகவைத்த அரிசிம்பருப்புச் சோறு ஒரு பாத்திரம் தனியாக வைத்தால் நோயாளிகளும் சாப்பிடுவார்கள் என்றேன்.

“அரிசிம்பருப்பா?” என்றார். “தம்பி, அது எங்கூட்டுல பொம்பளைகளுக்குச் சமைக்கச் சடவா இருந்தா ஆக்கற சோறு. ஒருத்தன் பையனுக்குப் பொறந்த நாளுன்னு பணங் கட்டிப்போட்டு வந்து பார்த்தா, நான் கஞ்சியாட்டக் கொழைச்சு ஊத்திட்டு நிக்கறதா? கஞ்சி ஊத்தறாங்கன்னா ஊர்ல பஞ்சம்னு அர்த்தம், உங்களுக்குத் தெரியாதா?”

நோயாளிகள் யாரும் வரிசைக்கு வருவதில்லை என்றேன். அவருக்கு அது உறைக்கவில்லை. சாம்பாரை மோந்து பார்க்கச் சொன்னார். கமலவேணி சொல்லித் தந்த கணக்கில் இன்றும் அவரே மிளகாயும் மல்லியும் வறுத்து அரைத்துக் கொண்டு வருகிற பொடி. மனைவி போன பிறகும் அந்த வாசனை போகவில்லை என்றார். அதை மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள் என்றார்.

நிறுத்தச் சொல்லவில்லை என்று சொல்வதற்குள் எனக்கு எச்சில் விழுங்க முடியாமல் போனது. வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

என் மனைவி வசந்தாமணி கொடுத்தனுப்பிய பிளாஸ்க் முழுவதும் காலி. அவளுக்குச் சந்தோஷம்.

ஆகஸ்ட் 12, திங்கள்

சென்னியப்பன் நாற்பத்தேழரையிலேயே நிற்கிறார். தகவல்: ஷாஹிதா. ஒரு வாரத்தில் இறங்காத முதல் ஆள் இவர்தான் என்றார்.

பாப்பாத்தி என்னிடம் வந்து, ராகிப் பாலில் என்ன சேர்க்கிறார்கள் உங்கள் வீட்டில், இவர் கேட்டு வாங்கிக் குடிக்கிறார் என்றார். வசந்தாமணி ராகியை ஊறவைத்து, அரைத்து, துணியில் பிழிந்து பால் எடுத்துக் காய்ச்சுகிறாள். வெல்லம் கொஞ்சம், ஏலக்காய் கிடையாது. மதியத்துக்கு அரிசிம்பருப்பைக் குழைத்து நெய் விட்டு இன்னொரு டப்பா. பிளாஸ்க் பெரியது. இரண்டு பேருக்குப் போதும்.

சென்னியப்பன் என்னை சார் என்பதை விட்டு அண்ணா என்று கூப்பிடத் தொடங்கியிருக்கிறார். மாஸ்க்கை மாட்டினால் நான் எப்படி இருக்கிறேன் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டார். பார்த்ததில்லை என்றேன். “முறுக்குப் புழியற அச்சுக்குள்ள மாட்டுன மாவாட்ட இருக்கறீங்கண்ணா” என்றார். சிரித்ததில் இருவருக்கும் வலித்தது.

என் எடை பார்த்தபோது சட்டைப்பையில் இரண்டு கைப்பேசிகளும் சாவிக்கொத்தும் இருந்தன. ஷாஹிதா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை, கதிர்வீச்சு இல்லை. நாள் முழுக்க வீட்டில்.

வசந்தாமணி எதிரே உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்தாள். ஒரு கிண்ணம் முடிந்ததும் இன்னொன்று வைத்தாள். அதுவும் முடிந்தது. மூன்றாவதை வைக்கும்போது, ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் இவ்வளவு பசிக்குமா என்றாள். இன்று விடுமுறை என்றேன்.

கொட்டகை விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, “நல்லாருந்த காலத்துல ஒருத்தருக்கும் ஒரு டீ வாங்கிக் குடுத்ததில்ல. கோயில் உண்டியல்ல நான் போடறதுக்கே மொறைப்பீங்க. இப்ப ஊருக்கே சோறாக்கப் பாக்கறீங்க” என்றாள். கேலிதான். தகவல் பிழை இல்லாத கேலி.

நாக்கில் புண் வந்த பிறகு ஊரில் யாருக்கெல்லாம் வாயில் புண் என்று கண்ணுக்குத் தெரிகிறது. பெஞ்சில் உதட்டைக் கடித்துக்கொண்டு தண்ணீர் குடிக்கிற ஒருவரைத் தூரத்திலேயே கண்டுகொள்கிறேன். முன்பும் அவர்கள் இருந்திருப்பார்கள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

சென்னியப்பன்: நாற்பத்தேழு.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

நான் நேரில் பார்த்தது.

கொட்டகையில் சாம்பார் சாதம். கை கழுவுகிற குழாய் பக்கவாட்டில் இருக்கிறது. பாப்பாத்தி தட்டோடு அங்கே போனார். தட்டைச் சாய்த்து, விரல்களை அணை மாதிரி சேர்த்து வைத்து, சோற்றின் மேல் தண்ணீரைத் திறந்துவிட்டார். மஞ்சள் நிறத்தில் தண்ணீர் ஓடியது. தட்டைத் திருப்பி மறுபடியும் அலசினார்.

நாச்சிமுத்து ஐயா கரண்டியோடு அப்படியே வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது.

“ஏம்மா, நான் போடற சோத்தை நீ கழுவி ஊத்தறயா?”

வரிசை திரும்பிப் பார்த்தது. பாப்பாத்தி குழாயை மூடினார்.

“ஊத்தலீங்கய்யா. காரத்தைத்தான் கழுவறனுங்க. சோறு இங்கயேதான் இருக்குது, பாருங்க.” தட்டை நீட்டினார். வெள்ளைச் சோறு, ஒரு கறிவேப்பிலை ஒட்டியிருந்தது. “எங்கூட்டுக்காரருக்குத் தொண்டையில சூடு வெக்கறாங்க. இப்பிடிக் கழுவுனா நாலு வாய் எறங்குமுங்க. தெனமும் இப்பிடித்தானுங்க குடுக்கறேன். தப்புங்களா?”

ஐயா தட்டைப் பார்த்தார். பிறகு குழாயைப் பார்த்தார். ரொம்ப நேரம் குழாயைத்தான் பார்த்தார். கரண்டியைச் சமையல் மாஸ்டரிடம் கொடுத்துவிட்டு, தோள் துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு, வெளியே போய் காரில் உட்கார்ந்துகொண்டார்.

பாப்பாத்தி தட்டில் ஒட்டியிருந்த கறிவேப்பிலையை எடுத்துப் போட்டார். நாளையிலிருந்து சோறு போடமாட்டார்களோ என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

சோறு போட்டார்கள். நாச்சிமுத்து ஐயா வரவில்லை. உடம்பு சரியில்லையா என்று மாஸ்டரிடம் விசாரித்தேன். வீட்டில்தான் இருக்கிறார், பொடி டப்பாவை மட்டும் டிரைவரிடம் கொடுத்தனுப்பினார் என்றார்.

ஆகஸ்ட் 22, வியாழன்

மாஸ்க் தளர்ந்துவிட்டது. என்னுடையது.

ஷாஹிதா பூட்டிவிட்டு, தாடைக்கும் வலைக்கும் நடுவே விரல் விட்டுப் பார்த்தார். இரண்டு விரல் போயிற்று. மேசையிலிருந்து இறக்கி, சட்டைப்பையில் இருப்பதையெல்லாம் வெளியே வைக்கச் சொல்லி எடை பார்த்தார். எடை இயந்திரத்தை ஏமாற்றலாம், மாஸ்க்கை முடியாது. டாக்டர் வந்தார். புது மாஸ்க், புது ஸ்கேன். அடுத்த வியாழன் வரை சிகிச்சை நிறுத்தம். வீட்டிலிருந்து யாராவது வர வேண்டும் என்றார்கள்.

வசந்தாமணி வந்தாள். பெஞ்சில் சென்னியப்பன் பிளாஸ்க்கின் மூடியில் ராகிப் பால் குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் பிளாஸ்க்கை அவளுக்குத் தெரியாதா. அவரிடம் முழுக்கக் குடிங்க என்று மட்டும் சொன்னாள்.

வீடு வந்து சேர்ந்தோம். வந்ததும் பையிலிருந்து டப்பாவை எடுத்துக் கழுவினாள். கழுவ ஒன்றும் இல்லை.

“தெனமும் வழிச்சு நக்குன மாதிரி காலியா வந்துச்சு. நான் என்னமோ எங்கை மருந்துன்னு நெனைச்சுட்டிருந்தேன்.” டப்பாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “ஏனுங்க, அவருக்குக் குடுக்கோணும்னா எங்கிட்டச் சொல்லியிருந்தா ரெண்டாளுக்கு ஆக்கியிருக்க மாட்டனா? ஒரு குத்து அரிசி சேத்திப் போட எனக்குக் கையா வலிக்கும்?”

இவ்வளவு எளிய வழி எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை.

திருத்தம்: பிளாஸ்க் பெரியது, இரண்டு பேருக்குப் போதும் என்று ஆகஸ்ட் 12-இல் எழுதியது சரியல்ல. அது ஒருவருக்கே பற்றாது.

ஏன் அப்படிச் செய்தேன் என்பதை உறுதிப்படுத்த முடியவில்லை. அந்த ஆள் கரைசேர்ந்தால் நானும் சேர்ந்துவிடுவேன் என்று யாரையும் கேட்காமல் சாமியிடம் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டேன் போலிருக்கிறது. இது செய்தி அல்ல. வதந்தி அளவில் வைத்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

காலையில் நாச்சிமுத்து ஐயா வீட்டுக்கு வந்தார். என் முகவரியை மருத்துவமனையில் சென்னியப்பனிடம் கேட்டு வாங்கியிருக்கிறார். வசந்தாமணி காபி கொடுத்தாள். ஆறும் வரை குடிக்கவில்லை, ஆறிய பிறகும் குடிக்கவில்லை.

மோட்டார் பம்புகளைப் பற்றி, மழை இல்லாததைப் பற்றிப் பேசினார். நான் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தேன். பேட்டியில் பழகியது. காத்திருந்தால் சொல்வார்கள்.

“கடைசி ரெண்டு மாசம் கமலவேணி எங்கூட உக்காந்து திங்கமாட்டா, தம்பி. தட்டை எடுத்துட்டு சமையக்கட்டுக்குள்ள போயிருவா. நான் உள்ள போனா முந்தானைல மறைச்சுக்குவா. பைப்புத் தண்ணி சத்தம் மட்டும் கேக்கும். கை கழுவறான்னு நெனைச்சுக்குவேன்.”

காபி டம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

“அப்ப நாந்தாஞ் சமையல். அவ பொடியவே அரைச்சு, அவ சொன்ன பக்குவத்துல வெச்சுக் குடுப்பேன். நல்லாருக்குதான்னு கேப்பேன். நல்லாருக்குதும்பா.”

அவ்வளவுதான் சொன்னார். வசந்தாமணி உள்ளே போய்விட்டாள்.

ஒரே ஒருவர் சொன்ன தகவல். இரண்டாவது ஆதாரம் கிடைக்க வழியில்லை. இருந்தும் பதிவு செய்கிறேன்.

எழுந்து போகும்போது நிபந்தனைகள் வைத்தார். பெரிய அண்டா எப்போதும் போல நடக்கும். பக்கத்தில் ஒரு சின்னக் குண்டா வைப்பார். அதில் நெய் தாராளமாக விட வேண்டும், தண்ணீராக இருக்கக் கூடாது. அதைப் பற்றிப் பத்திரிகையில் எழுதக் கூடாது. நாள் பதிவு செய்தவர்கள் கேட்டால் அது ஒரு நிருபரின் யோசனை என்று என்னைக் காட்டிவிடுவார். எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

சின்னக் குண்டா முதல் நாள். தோல்வி.

மாஸ்டர் அரிசியும் பருப்பும் குழைய வேகவைத்தார். மஞ்சள், உப்பு, நெய். எல்லாம் சொன்னபடி. இறக்கும் நேரத்தில் கை தானாகப் போய், வாணலியில் கடுகும் வரமிளகாயும் பொரித்துக் கொட்டிவிட்டது. கேட்டால், “தாளிக்காம எறக்குனா வேலை முடிஞ்ச மாதிரியே இல்லீங்க. துணி கட்டாம வெளிய வந்த மாதிரி இருக்குது” என்கிறார். ஐயா அவரைத் திட்டிய திட்டை எழுதவில்லை.

நானும் ஐயாவும் ஸ்பூனால் கடுகு பொறுக்கினோம். கொஞ்சம் தேறியது. சென்னியப்பனும் இன்னும் சிலரும் சாப்பிட்டார்கள்.

வசந்தாமணி இப்போது இரண்டு பிளாஸ்க் அனுப்புகிறாள். என்னுடையதில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறாள். சிகிச்சை இல்லாவிட்டாலும் தினமும் பெஞ்சுக்குப் போய், சிவப்பு நூலைப் பாப்பாத்தியின் கண்காணிப்பில் காலி செய்ய வேண்டும் என்பது உத்தரவு. இருவரும் போனில் பேசிக்கொள்கிறார்கள்.

ஆகஸ்ட் 29, வியாழன்

புது மாஸ்க். கன்னத்தை இறுக்குகிறது. நல்லது.

குண்டா வெறும் அரை மணியில் காலி. மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொள்ள ஐயா அடுப்பருகே நின்றிருந்தார் என்று பாப்பாத்தி சொன்னார்.

செப்டம்பர் 3, செவ்வாய்

சென்னியப்பனுக்குச் சிகிச்சை முடிந்தது. எடை நாற்பத்தாறே முக்கால். தகவல்: ஷாஹிதா. கடைசி நாள் வரை ஒரே மாஸ்க்.

முடிந்தவர்களுக்கு மாஸ்க்கை வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அவர் அதை மடியில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். மூக்கு, தாடை எல்லாம் அப்படியே அவர். சோளக்காட்டில் குச்சியில் மாட்டிவிட்டால் கிளி வராது என்றார் பாப்பாத்தி. “நான் நேர்ல நின்னப்பவே வந்துச்சு” என்றார் சென்னியப்பன்.

போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணா, நீங்க உங்களோடதைய எனக்குக் குடுத்தீங்கன்னு தெரிஞ்சிருந்தா நான் குடிச்சிருக்க மாட்டனுங்க” என்றார்.

அதனால்தான் சொல்லவில்லை என்றேன். கோபப்பட்டார். பிறகு பஸ் வந்துவிட்டது.

செப்டம்பர் 12, வியாழன்

கமலவேணியின் திதி. பெரிய விருந்து. அண்டாவில் சாம்பார் சாதம், வடை, பாயசம், அப்பளம். ஐயாவின் உறவுக்காரர்கள் இரண்டு கார்களில் வந்திருந்தார்கள். ஒவ்வொரு வருடமும் அண்டாவுக்கு மேலே தொங்குவதாக மாஸ்டர் சொன்ன, ‘கமலவேணி அம்மாள் நினைவாக’ என்று பெயின்ட்டில் எழுதிய பலகையைக் காணவில்லை. விசாரித்ததில், சின்னக் குண்டாவின் பக்கம் ஆணியடித்து மாட்டியிருந்தது. ஐயாவின் கொழுந்தியாள் ஒருவர், கஞ்சிப் பானை மேல் அக்கா பேரா என்று கேட்டார். ஐயா நெய்ச் சொம்பை எடுத்துக் குண்டாவில் ஊற்றினார்.

வசந்தாமணி இன்று பிளாஸ்க் அனுப்பவில்லை. மறக்கவில்லை. அனுப்பமாட்டேன், வரிசையில் நின்று சாப்பிடுங்கள் என்று சொல்லியே என்னை அனுப்பினாள்.

தட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். இதுவரை எதற்கும் இப்படி நின்றதில்லை. நிருபர்களை முன்னால் அழைத்துப் போய் உட்கார வைப்பார்கள். எனக்கு முன்னால் தலையில் துணி கட்டிய ஒரு பெண், பின்னால் மூக்கில் குழாயோடு ஒரு பெரியவர். எல்லோரும் நோயாளிகள். எங்களில் பலரால் பேச முடியாது. என் முறை வந்ததும் ஐயா நிமிர்ந்து பார்த்தார். கரண்டி ஒரு நொடி நின்றது. பிறகு போட்டார், இன்னொரு கரண்டியும் போட்டார்.

“நல்லாருக்குதா?” என்றார்.

வாயில் வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. எரியவில்லை. நாக்கில் ருசி செத்துப்போய் வாரங்கள் ஆகின்றன, உப்பு இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அவர் பதிலுக்காக நின்றார். அவருக்கு இந்த முறை நிஜம் தெரிய வேண்டும் என்று தோன்றியது.

“ருசி தெரியலீங்கய்யா,” என்றேன். “ஆனா எறங்குது.”

அவர் தலையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த தட்டுக்குப் போட்டார்.

நிலுவையில் உள்ளவை: எனக்கு இன்னும் ஏழு நாள் கதிர்வீச்சு. சென்னியப்பனின் ஸ்கேன் டிசம்பர் 3, அவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார், வருவாரா என்பது அன்றுதான் தெரியும். என்னுடையது டிசம்பர் 23. அதற்கு முன்பே ருசி திரும்பலாம் என்று டாக்டர் சொன்னார், தேதி தரவில்லை. திரும்பினால் முதலில் எதைச் சாப்பிடுவீர்கள் என்று வசந்தாமணி கேட்டாள். கமலவேணி அம்மாளின் பொடி போட்ட சாம்பார் என்றேன். ஐயாவிடம் ஒரு டப்பா கேட்டு வாங்கி, அலமாரியில் எடுத்து வைத்திருக்கிறாள்.